ட்ரிப்ஸை நிறுத்தாதீங்க, பிசிஜியைத் தள்ளிப் போடுங்க

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். 27 வயசு, நாலு வருஷமா அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடல் புண்ணாகி ரத்தம் போற நோய்), மெசலமைன், அஸதயோப்ரின், எட்டு வாரத்துக்கு ஒரு தடவை இன்ஃப்ளிக்ஸிமாப் ட்ரிப்ஸ், ஒன்றரை வருஷமா ரத்தம் போகாம நல்லா இருக்கீங்க, இப்ப 9 வாரம், தலைப்பிள்ளை. வீட்ல மாமியார் "மருந்தெல்லாம் சூடு, பிள்ளைக்கு ஆகாது"ன்னு சொல்லிட்டாங்க, நீங்களும் நெட்ல அஸதயோப்ரின் பேருக்குப் பக்கத்துல "டி"ன்னு ஒரு எழுத்தைப் பாத்து பயந்து ஒரு வாரமா அந்த மாத்திரையை விட்டுட்டீங்க, இன்னும் பத்து நாள்ல வர்ற ட்ரிப்ஸுக்குப் போறதா வேணாமான்னு கேக்கறீங்க. கேள்வி மருந்தைப் பத்தின மாதிரி இருந்தாலும் நீங்க நிஜமா கேக்கறது இன்னொண்ணுன்னு தோணுது. நாளைக்கு பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அது நான் சாப்பிட்டதாலதானே, அந்தப் பழி எனக்குத்தானே, அதானே? இதை என் முன்னாடி உக்காந்து கேக்காத கர்ப்பிணியே கிடையாது. மருந்து சாப்பிட்டு வர்ற கெடுதலை மட்டும் நம்ம மனசு கணக்கு வச்சுக்கும், சாப்பிடாம விட்டு வர்ற கெடுதலை விதின்னு ஒதுக்கிடும்.

நான் குடல் நோய் டாக்டர், 19 வருஷமா இந்த நோய்க்காரங்களைப் பாக்கறேன், அதுல கர்ப்பமா இருந்தவங்களும் நிறைய. உங்க ரிப்போர்ட் எதையும் நான் பாக்கலை, அதனால கீழ எழுதறது எதுவும் உங்க டாக்டர் சொல்றதுக்கு மேல கிடையாது. ஆனா எது உறுதியா தெரிஞ்ச விஷயம், எதுல டாக்டர்களுக்குள்ளயே இன்னும் ஒத்துப்போகலைங்கறதை பிரிச்சு சொல்ல முடியும்.

முதல்ல உறுதியா தெரிஞ்சது. வயித்துல இருக்கற குழந்தைக்கு, நீங்க சாப்பிடற இந்த மூணு மருந்தையும் விட, கட்டுப்பாட்டுல இல்லாத கொலைடிஸ்தான் பெரிய ஆபத்து. அமெரிக்காவுல பியானோன்னு ஒரு பெரிய பதிவேடு நடத்தினாங்க, 2007ல ஆரம்பிச்சு 2019 வரைக்கும் ஐபிடி, அதாவது கொலைடிஸ், க்ரோன்ஸ் மாதிரி குடல் அழற்சி நோய் இருக்கற கர்ப்பிணிகளைச் சேத்து, பிறந்த குழந்தைங்களை ஒரு வயசு வரைக்கும் பாத்துட்டு வந்தாங்க, 1,490 கர்ப்பம். அஸதயோப்ரின் வகை மருந்து சாப்பிட்டவங்க, இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி பயாலஜிக் ஊசி போட்டவங்க, ரெண்டும் சேத்து எடுத்தவங்க, எதுவுமே எடுக்காதவங்கன்னு நாலு கூட்டமா பிரிச்சு ஒப்பிட்டப்ப, பிறவிக் குறை, கருச்சிதைவு, குறைமாசம், எடை கம்மி, முதல் வருஷத்துல வர்ற இன்ஃபெக்ஷன், இது எதுலயும் மருந்து எடுத்தவங்களுக்கு அதிகமா வரலை. அதே ஆய்வுலதான், நோய் கிளம்பி இருந்தவங்களுக்கு கருச்சிதைவு ஆகற வாய்ப்பு மூணு மடங்குக்கும் மேலன்னு வந்துச்சு. குறைமாசத்துல பிறந்த குழந்தைங்களுக்குத்தான் இன்ஃபெக்ஷனும் அதிகமா வந்திருக்கு, மருந்துக்கு அதுல பங்கு தெரியலை. 2021ல இது வெளிவந்துச்சு. ஒரு மருந்தும் சாப்பிடாத அம்மாவுக்குப் பிறக்கற குழந்தைங்கள்லயே 100க்கு ரெண்டு மூணு பேருக்கு ஏதாவது பிறவிக் குறை இருக்கும்ங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க, பூஜ்யம்ங்கற கணக்கு எந்த அம்மாவுக்கும் கிடையாது.

நிறுத்தினா என்ன ஆகும்னு ஒரே ஒருத்தரை மட்டும் சொல்றேன். உங்களை மாதிரியே நல்லா இருந்த பொண்ணு, கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, எங்க யாருக்கும் சொல்லலை. மசக்கையால வாந்தின்னு நினைச்சுட்டு இருந்தது போய், அஞ்சாவது மாசம் ஒரு நாளைக்கு பன்னெண்டு தடவை ரத்தத்தோட வெளிய போக ஆரம்பிச்சு, வந்தப்ப ஹீமோகுளோபின் 6.8. அட்மிட் பண்ணி ஸ்டீராய்டு, ரத்தம், அப்புறம் நிறுத்தின அதே ட்ரிப்ஸ். எந்த மருந்து பிள்ளைக்கு ஆகாதுன்னு விட்டாங்களோ அதையும், அதுக்கு மேல ரெண்டு மூணும் சேத்து எடுத்துக்க வேண்டியதாப் போச்சு. 33 வாரத்துல பிரசவம், குழந்தை மூணு வாரம் இன்குபேட்டர்ல. இப்ப அந்தப் பையன் ஸ்கூல் போறான், ஆனா அந்த மூணு வாரத்தை அவங்க அம்மா இன்னும் மறக்கலை.

இனி மருந்து மருந்தா பாக்கலாம். மெசலமைனைப் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம், தொடரலாம். சில பழைய பிராண்ட் மாத்திரைகளோட மேல்பூச்சுல டைபியூட்டைல் தாலேட்னு ஒரு ரசாயனம் இருந்துச்சு, மிருகங்கள்ல குட்டிகளுக்கு அது கெடுதல் பண்ணினதால அதைத் தவிர்க்கச் சொல்வாங்க, உங்க அட்டையை ஒரு தடவை மருந்துக்கடைக்காரர்கிட்ட காட்டிக் கேட்டுக்கோங்க, அவ்ளோதான். உங்களுக்கு இல்லை, ஆனா இதைப் படிக்கற வேற யாராவது சல்ஃபசலசின் சாப்பிட்டா அது ஃபோலிக் ஆசிட் உடம்புல சேர விடாது, அதனால ஃபோலிக் ஆசிட் சாதாரணமா கொடுக்கறதை விட கூடுதலா வேணும். வீட்டுக்காரர் சல்ஃபசலசின் சாப்பிட்டா அவருக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், மாத்தினா ரெண்டு மூணு மாசத்துல திரும்ப வந்துடும். குழந்தை நிக்கலைன்னு வருஷக்கணக்கா பொண்டாட்டியை மட்டும் டெஸ்ட் மேல டெஸ்ட் எடுக்க வச்சு, கடைசியில புருஷனோட மாத்திரைதான் காரணம்னு தெரிஞ்ச ஜோடியை நான் பாத்திருக்கேன்.

அஸதயோப்ரின். நீங்க பாத்த "டி" பழைய அமெரிக்க முறை. ஏ, பி, சி, டி, எக்ஸ்னு மருந்துகளுக்கு மார்க் போட்ட மாதிரி ஒரு எழுத்து ஒட்டிட்டு இருந்தாங்க, அது டாக்டர்களையே குழப்புதுன்னு 2015லேர்ந்து அந்த எழுத்து முறையையே எடுத்துட்டாங்க. நெட்ல மட்டும் அது இன்னும் சாகாம சுத்துது. பயத்துக்கு வேர் என்னன்னா மிருகங்களுக்கு பெரிய டோஸ் கொடுத்து பாத்த சோதனைகள். அதுக்கப்புறம் கிட்னி மாத்தினவங்க, லூபஸ் இருக்கறவங்க, நம்ம ஐபிடிக்காரங்கன்னு ஆயிரக்கணக்கான பெண்கள் இதைச் சாப்பிட்டே பிள்ளை பெத்துட்டாங்க, அதுலேர்ந்து வந்த தகவல் நிம்மதியாத்தான் இருக்கு. ஒரு சின்ன டச்சு ஆய்வுல மட்டும், பிறந்த குழந்தைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருந்ததா எழுதினாங்க, அதனால இது சுத்தமா ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே சாப்பிட்டு ஒத்துப்போனவங்க தொடரலாம், கர்ப்பத்துல புதுசா ஆரம்பிக்கறதை மட்டும் தவிர்ப்போம், ஏன்னா முதல் சில வாரத்துலதான் கணையம் வீங்கறதும் வெள்ளை அணுக்கள் விழறதும் நடக்கும், அதுக்கு கர்ப்பம் நேரம் இல்லை.

உங்க கேஸ்ல ஒரு நிஜமான சந்தேகம் இருக்கு, அதை மறைக்கலை. இன்ஃப்ளிக்ஸிமாபும் அஸதயோப்ரினும் சேந்தா குழந்தைக்கு இன்ஃபெக்ஷன் அதிகமாகுமா? டென்மார்க், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல 80 குழந்தைங்களைப் பாத்து 2016ல வந்த ஆய்வு, ரெண்டும் சேந்தப்ப குழந்தைக்கு இன்ஃபெக்ஷன் வர்ற வாய்ப்பு 2.7 மடங்குன்னு சொல்லுச்சு. அதை விட பல மடங்கு பெரிய பியானோவுல அப்படி வரலை. நான் பெரிய ஆய்வைத்தான் நம்பறேன். ஆனா ரொம்ப நாளா நல்லா இருக்கறவங்களுக்கு, ட்ரிப்ஸை வச்சுட்டு அஸதயோப்ரினை விட்டுடலாம்னு முடிவெடுக்கற டாக்டர்களும் இருக்காங்க, அது தப்பு இல்லை. அஸதயோப்ரின் சேத்துக் கொடுக்கறதுக்கு ஒரு காரணம், உங்க உடம்பு இன்ஃப்ளிக்ஸிமாபை எதிரின்னு நினைச்சு அதுக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்காம இருக்கறதுக்கு. அதனால அதை விடலாமா வேணாமாங்கறது உங்க பழைய ஃபைலைப் பாத்து எடுக்க வேண்டிய முடிவு. நீங்களா ஒரு எழுத்தைப் பாத்து எடுக்கற முடிவு இல்லை. ஒரு வாரம் விட்டதால குடி முழுகிப் போகலை, டாக்டர்கிட்ட மறைக்காம எத்தனை நாள்னு சொல்லிடுங்க, ரெண்டு வார்த்தை திட்டினா திட்டிட்டுப் போகட்டும்.

இப்ப ட்ரிப்ஸ். இது எப்படி குழந்தைக்குப் போகுதுன்னு புரிஞ்சா பயம் பாதி போயிடும், எங்க ஜாக்கிரதையா இருக்கணும்னும் புரியும். இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் எல்லாம் செயற்கையா தயாரிச்ச ஆன்டிபாடி. அம்மாவோட சொந்த ஆன்டிபாடியை குழந்தைக்கு கொண்டு போறதுக்கு நஞ்சுக்கொடியில ஒரு ஏற்பாடு இருக்கு, பிறந்த பிள்ளைக்கு முதல் சில மாசம் அம்மா கொடுத்த எதிர்ப்பு சக்திதான் காவல். இந்த மருந்தும் பாக்க அதே சாயல்ல இருக்கறதால அதே பஸ்ல டிக்கெட் வாங்கிட்டு ஏறிடுது. ஆனா அந்த பஸ் முதல் மூணு மாசத்துல ஓடறதே இல்லைன்னு சொல்லலாம், கை கால் இதயம் எல்லாம் உருவாகற அந்த நேரத்துல மருந்து குழந்தைகிட்ட கிட்டத்தட்ட போறதில்லை. நீங்க இருக்கற 9 வாரம் அதுக்குள்ளதான் வருது. நாலாவது மாசத்துலேர்ந்து மெல்ல ஆரம்பிச்சு கடைசி மூணு மாசத்துல நிறைய போகும், பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்துல அம்மாவுக்கு இருக்கறதை விட அதிகமாவே இருக்கும். அந்த 80 குழந்தை ஆய்வுலதான் அளந்தாங்க: குழந்தை உடம்புலேர்ந்து அடலிமுமாப் முழுசா போக சராசரி 4 மாசம், இன்ஃப்ளிக்ஸிமாப் போக 7.3 மாசம். ஒரு வயசுக்கு மேல யார்கிட்டயும் இல்லை. செர்டோலிசுமாப்னு ஒரு மருந்துக்கு மட்டும் அந்த டிக்கெட் பகுதியே கிடையாது, அதனால அது குழந்தைக்கு போறது ரொம்பக் குறைவு, ஆனா நல்லா வேலை செய்யற மருந்தை இதுக்காக கர்ப்பத்துல மாத்தறது புத்திசாலித்தனம் இல்லை.

முன்னாடி நாங்களே ஆறாவது மாசத்துல ட்ரிப்ஸை நிறுத்திட்டு இருந்தோம், குழந்தைக்கு கம்மியா போகட்டுமேன்னு. ஃபிரான்ஸ்ல 11,275 கர்ப்பங்களோட அரசாங்க கணக்கை எடுத்துப் பாத்தப்ப, 24 வாரத்துக்கு முன்னாடி நிறுத்தினவங்களுக்கு நோய் கிளம்பினது அதிகம், கடைசி வரைக்கும் போட்டவங்களோட குழந்தைங்களுக்கு இன்ஃபெக்ஷன் அதிகம் இல்லை. 2025ல பல நாட்டு நிபுணர்கள் சேந்து வெளியிட்ட வழிகாட்டியும் நிறுத்தாம தொடருங்கன்னுதான் சொல்லுது. கடைசி டோஸை பிரசவ தேதிக்கு கொஞ்சம் முன்னாடி வர்ற மாதிரி தள்ளி அமைச்சுக்கறது உண்டு, அது நாள் கணக்கு சமாச்சாரம், உங்க டாக்டர் பாத்துப்பாங்க. பிரசவம் ஆனப்புறம் இன்ஃபெக்ஷன் எதுவும் இல்லைன்னா சுகப்பிரசவத்துக்கு ஒரு நாள், சிசேரியனுக்கு ரெண்டு நாள் கழிச்சு திரும்ப ஆரம்பிச்சுடலாம்.

எல்லா மருந்தும் பாதுகாப்புன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க, உங்க மாமியார் பயப்படறதுக்கு ஒரு வரலாறே இருக்கு. தாலிடமைடுன்னு ஒரு மருந்து, 1957ல மேற்கு ஜெர்மனியில கடைக்கு வந்து, மசக்கைக்கு நல்லதுன்னு கர்ப்பிணிகளுக்கே கொடுத்தாங்க, 1961ல திரும்பப் பெறறதுக்குள்ள உலகம் முழுக்க 10,000க்கும் மேல குழந்தைங்க கை கால் குறையோட பிறந்தாங்க. அதே தாலிடமைடை மத்த மருந்து கேக்காத க்ரோன்ஸ் நோய்க்கு இன்னைக்கும் சிலருக்கு கொடுக்கறோம். அதைச் சாப்பிடறவங்க கர்ப்பம் ஆகவே கூடாது. மெத்தோட்ரெக்சேட்டும் அப்படித்தான், குழந்தை வேணும்னு நினைக்கறதுக்கு குறைஞ்சது மூணு மாசம் முன்னாடி நிறுத்தணும். இன்னொண்ணு டோஃபாசிடினிப். ட்ரிப்ஸ் மாதிரி செலவு இல்லாத மாத்திரைங்கறதால நம்ம ஊர்ல கொலைடிஸுக்கு இப்ப நிறைய பேர் சாப்பிடறாங்க, சின்ன வயசுப் பொண்ணுங்களும். மிருக சோதனைகள்ல குட்டிகளுக்கு குறை வந்திருக்கு, மனுஷங்கள்ல தகவல் ரொம்பக் குறைவு, அதனால கர்ப்பத்துக்கு நாலு வாரமாவது முன்னாடி நிறுத்தி வேற மருந்துக்கு மாறணும், உபாடாசிடினிபும் இதே வகைதான். உங்களுக்கு இது எதுவும் இல்லை, ஆனா "ஐபிடி மருந்தெல்லாம் தொடரலாமாம்"னு யாராவது இதைப் பாதி படிச்சுட்டுப் போயிடக் கூடாது. ஸ்டீராய்டைப் பத்தியும் ஒரு வார்த்தை: நோய் கிளம்பினா ப்ரெட்னிசலோன் கொடுக்கலாம், கொடுப்போம், அதுல பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்க வச்சுடும். ஆனா நீண்ட நாள் சாப்பிட்டா கர்ப்ப கால சர்க்கரை, குறைமாசம்னு தொல்லை வரும். ட்ரிப்ஸை விடாம இருக்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். மேல சொன்ன பியானோ ஆய்வெல்லாம் பிசிஜி, அதாவது காசநோய் தடுப்பூசி, போடாத நாட்டுல நடந்தது. அமெரிக்காவுல பிறந்த பிள்ளைக்கு பிசிஜி வழக்கமே கிடையாது. நம்ம ஊர்ல பிறந்த ஒண்ணு ரெண்டு நாள்லயே இடது கையில பிசிஜி, வாயில போலியோ சொட்டு, தொடையில ஹெபடைடிஸ் பி, மூணும் போட்டுத்தான் டிஸ்சார்ஜ் பண்ணுவாங்க. பிசிஜிங்கறது உயிரோட இருக்கற, வலுவைக் குறைச்ச கிருமி. காசநோய்க் கிருமியை உடம்பு சுத்தி வளைச்சு கட்டிப் போடறதுக்கு டிஎன்எஃப்னு ஒரு பொருள் வேணும், இன்ஃப்ளிக்ஸிமாப் அடைக்கறதே அந்த டிஎன்எஃப்பைத்தான். உங்களுக்கு ட்ரிப்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே, டிபி டெஸ்ட் எடுத்தாங்களே, அது இதுக்காகத்தான். அப்ப உடம்புல அந்த மருந்து நிறைஞ்சு இருக்கற ஒரு நாள் குழந்தைக்கு உயிருள்ள கிருமியை ஊசியில ஏத்தினா? 2010ல லண்டன்லேர்ந்து ஒரு கேஸ் எழுதினாங்க. அம்மாவுக்கு க்ரோன்ஸ், கர்ப்பம் முழுக்க இன்ஃப்ளிக்ஸிமாப், குழந்தை நல்லாத்தான் பிறந்துச்சு, மூணு மாசத்துல பிசிஜி போட்டாங்க, அந்தக் கிருமி உடம்பு முழுக்க பரவி நாலரை மாசத்துல குழந்தை இறந்துடுச்சு. மருந்து அந்தக் குழந்தையை ஒண்ணும் பண்ணலை, ஊசியும் தனியா இருந்தா பண்ணியிருக்காது. ரெண்டும் சேந்ததுதான்.

என்கிட்ட நடந்ததையும் சொல்லிடறேன், இதுல தப்பு என் மேலதான். பல வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு, ஒவ்வொரு விசிட்லயும் வாயால சொல்லிட்டே இருந்தேன், பிசிஜி மட்டும் வேணாம்னு. எழுதிக் கொடுக்கலை. தலைப்பிரசவம், வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போயாச்சு, அங்க வேற ஆஸ்பத்திரி, வேற டாக்டர், என் ஃபைல் இங்கயே இருக்கு. ராத்திரி பிரசவம், ரெண்டாம் நாள் காலையில நர்ஸம்மா வார்டுல இருக்கற பிள்ளைங்களுக்கெல்லாம் வரிசையா ஊசி போட்டுட்டு வராங்க, அந்தப் பொண்ணு தூங்கிட்டு இருக்கா, பாட்டி பிள்ளையைத் தூக்கிக் கொடுத்திருக்காங்க, அவங்க என்ன பண்ணுவாங்க. அஞ்சாம் நாள் எனக்கு ஃபோன்: "மேடம், ஊசி போட்டுட்டாங்களே." எனக்கு கை கால் ஓடலை. குழந்தை டாக்டரும் நானும் சேந்து அந்தப் பிள்ளையை மாசக்கணக்கா பாத்தோம், எடை ஏறுதா, காய்ச்சல் வருதா, அக்குள்ல நெறி கட்டியிருக்கான்னு தடவித் தடவிப் பாத்தது இன்னும் விரல்ல இருக்கு. நல்ல வேளை, எல்லாப் பிள்ளைக்கும் வர்ற மாதிரி சின்னக் கொப்புளம் வந்து தழும்பாச்சு, அதோட சரி. நிறைய குழந்தைங்க இப்படித் தப்பிச்சுடுவாங்க, ஆனா அந்த லண்டன் குழந்தை தப்பிக்கலையே.

அதனால உங்க விஷயத்துல எப்ப போடலாம்? இங்கதான் வழிகாட்டிகளுக்குள்ள வித்தியாசம் இருக்கு. 2025 வழிகாட்டி முதல் ஆறு மாசம் பிசிஜி வேண்டாம்னு சொல்லுது. ஐரோப்பிய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2022லேர்ந்து இன்ஃப்ளிக்ஸிமாபுக்கு மட்டும் உயிருள்ள தடுப்பூசிகளை 12 மாசம் தள்ளச் சொல்லுது, 7.3 மாசம்ங்கறது சராசரிதானே, அதுக்கு மேல போற குழந்தைகளும் இருக்காங்கன்னு. நம்ம அரசாங்க அட்டவணையில பிசிஜியை ஒரு வயசு வரைக்கும் போடலாம், அதனால ஆறு மாசத்துக்கும் ஒரு வயசுக்கும் நடுவுல எந்த நாள்ங்கறதை குழந்தை டாக்டர் முடிவெடுக்க இடம் இருக்கு. இங்க டிபி இன்னும் நம்ம தெருவுலயே இருக்கற நோய், அதனால ஊசியை ஒரேயடியா மறந்துடறதும் ஆபத்துதான். வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா பிரசவத்துக்கு முன்னாடியே சளி டெஸ்ட் பண்ணிடுங்க, பிசிஜி போடாத பிள்ளையைக் கொஞ்ச வர்ற தாத்தா உட்பட. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் எல்லாம் உயிரில்லாத தடுப்பூசி, அதையெல்லாம் நாள் தவறாம போடணும், "பிள்ளைக்கு ஊசி ஆகாது"ன்னு மொத்தமா நிறுத்திடாதீங்க. ரோட்டா சொட்டு மருந்து உயிருள்ளதுதான், அதையும் வேணாம்னு சொல்லிட்டு இருந்தோம், பயாலஜிக் போன குழந்தைங்களுக்கு கொடுத்து பாத்ததுல பிரச்சினை வரலைங்கறதால இப்ப கொடுக்கலாம்னு மாறியிருக்கு. போலியோ சொட்டும் உயிருள்ளது, அதுக்கு பதிலா ஊசி வடிவம் இருக்கு, ஒன்பது மாசத்துல வர்ற தட்டம்மை ஊசியும் உயிருள்ளதுதான், இந்த ரெண்டையும் குழந்தை டாக்டர்கிட்ட முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க.

இதுக்கு மேல எங்களுக்கு வெளிச்சம் கம்மி. பியானோவுல குழந்தைங்க தவழறது, பேசறது, கவனிக்கறதையும் பாத்தாங்க, ஒரு வயசுல மருந்து போனவங்களுக்கும் போகாதவங்களுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பிள்ளைங்க இருபது முப்பது வயசு ஆகும்போது எப்படின்னு கேட்டா, இந்த மருந்துகளுக்கே வயசு கிட்டத்தட்ட அவ்ளோதான், முழு பதில் இன்னும் வரலை. வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் மாதிரி புது ஊசிகளுக்கும் இதுவரைக்கும் நல்ல சேதிதான், ஆனா எண்ணிக்கை இன்ஃப்ளிக்ஸிமாப் அளவுக்கு இல்லை.

மீதியெல்லாம் வேகமா சொல்லிடறேன். கர்ப்பத்துல ஹீமோகுளோபின் இறங்கறதும் ஈஎஸ்ஆர் ஏறறதும் தானாவே நடக்கும், அதை வச்சு நோய் கிளம்பிடுச்சுன்னு முடிவு பண்ண முடியாது, குடல் அழற்சியைக் காட்டற மலத்துல கால்ப்ரொடெக்டின் டெஸ்ட்டை நம்பலாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாம். பிரஷர் வராம இருக்க 12லேர்ந்து 16 வாரத்துக்குள்ள சின்ன டோஸ் ஆஸ்பிரின் ஆரம்பிக்கச் சொல்லி புது வழிகாட்டி சொல்லுது, மகப்பேறு டாக்டர்கிட்ட கேளுங்க. ஃபோலிக் ஆசிட் விட்டுடாதீங்க. கொலைடிஸ்ங்கறதுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் தாராளமா கொடுக்கலாம், இன்ஃப்ளிக்ஸிமாப் பால்ல வர்றது துளியூண்டு, அதையும் பிள்ளையோட வயிறு புரதம்னு நினைச்சு செரிச்சுடும். அஸதயோப்ரினும் பால்ல ரொம்பக் குறைவுதான். பிள்ளைக்கும் இந்த நோய் வருமான்னு கடைசி வரியில கேட்டிருந்தீங்க, அம்மா அப்பாவுல ஒருத்தருக்கு மட்டும் கொலைடிஸ்னா நூத்துல சில பிள்ளைங்களுக்குத்தான் வரும், மிச்சப் பேருக்கு வராது.

பத்து நாள்ல இருக்கற ட்ரிப்ஸுக்கு நாளைக்கே உங்க குடல் டாக்டருக்கு ஃபோன் போட்டு, 9 வாரம்னு சொல்லி, தேதி அப்படியே இருக்கட்டுமான்னு கேளுங்க, அனேகமா இருக்கட்டும்னுதான் சொல்வாங்க. அன்னைக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, நீங்க வீட்ல வந்து விளக்கறதை விட டாக்டர் வாயால ஒரு தடவை கேட்டா அவங்களுக்கும் பயம் தெளியும். அப்படியே ஒரு லெட்டர் கேட்டு வாங்கிடுங்க, நான் இப்ப எல்லாருக்கும் சிவப்பு மையில எழுதிக் கொடுக்கறது இதான்: "தாய்க்கு கர்ப்பத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுக்கப்பட்டுள்ளது. குழந்தைக்கு பிறந்தவுடன் பிசிஜி போட வேண்டாம். ஹெபடைடிஸ் பி போடவும். மற்றவை குழந்தை மருத்துவர் முடிவு." அதுல நாலு காப்பி எடுங்க. ஒண்ணு தாய் சேய் அட்டையில பின் பண்ணி, பிக்மி நம்பர் (அரசாங்க கர்ப்பப் பதிவு எண்) போட வர்ற நர்ஸம்மாகிட்டயும் காட்டிடுங்க. ஒண்ணு மகப்பேறு டாக்டர் ஃபைல்ல. ஒண்ணு உங்க கைப்பையில. நாலாவது உங்க அம்மாகிட்ட, ஏன்னா வளைகாப்புக்கு அப்புறம் நீங்க அங்கதான் இருப்பீங்க, நீங்க அசந்து தூங்கும்போது பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கப் போறது அவங்கதான்.